விரல் நுழையும் இடைவெளி

பதினேழு நாளுக்குப் பிறகு பட்டறை ஷட்டரைத் தூக்கியபோது சின்னவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். "தனியாப் போகாதீங்க, அங்க போனதும் ஒரு மாதிரி ஆயிடும்" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரு மாதிரியும் ஆகவில்லை. தரையில் எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் இருந்தது. கழிவுத்துணி மூட்டையில் பூனை படுத்திருந்தது. விளக்கைப் போட்டார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பக்கத்து ஆணியில் அண்ணனின் வேலைச் சட்டை தொங்கியது. பார்த்தார். சட்டைதான்.

சின்னவர் என்பது வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர். வயது நாற்பத்தொன்பது. அண்ணன் பெரியவருக்கு ஐம்பத்திரண்டு. "மூணு வருஷம் முந்திப் பொறந்ததுக்கு ஊரே என்னைக் கிழவனாக்கிடுச்சுடா" என்று அண்ணன் குறைப்பட்டுக்கொள்வார். இருவரும் சேர்ந்து இருபத்து மூன்று வருடம் இந்தப் பட்டறையை நடத்தினார்கள். என்ஜின் சின்னவர் கை, கியர்பாக்ஸ் பெரியவர் கை. இப்போது பெரியவர் இல்லை.

எப்படிப் போனார் என்று யார் கேட்டாலும் அண்ணி ஒரே வாக்கியம்தான் சொன்னாள். "நொடியில போயிட்டாரு. பக்கத்துலயே தம்பி இருந்தான், ஒண்ணும் பண்ண முடியல." ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் மூளைக்குள் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் விடியும்போது முடிந்துபோயிற்று. கொண்டுபோனதும் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டாக்டர், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? மருந்து கொடுக்க அதுதான் கணக்கு" என்று கேட்டபோது, "இப்பதான் டாக்டர், கால் மணி நேரம்கூட ஆகல" என்று சொன்னது சின்னவர்தான். அந்த நொடியைத்தான் அண்ணி கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களிடம் சொன்னாள், போனில் சொன்னாள், வெளியூரில் இருக்கும் மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். வலி தெரியாமல் போனார். யாரும் எதையும் தவறவிடவில்லை.

பட்டறை நடுவில் நின்றது டாக்ஸிக்காரரின் வண்டி. ஏர்போர்ட் சவாரி தவிர வேறெதையும் மதிக்காதவர் என்பதால் அவருக்கு ஏர்போர்ட்டு என்றே பெயராகிவிட்டது. பழைய என்ஜின் சூடேறிப் பிடித்துப்போனதால், நொறுங்கிய வண்டியொன்றில் இருந்து எடுத்த என்ஜினை வாங்கிவந்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். கியர்பாக்ஸ் வண்டியிலேயே, பலகை வைத்த ஜாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. புது என்ஜின் செயின் பிளாக்கில் தொங்கியது. இரண்டையும் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்டு வந்து, கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்தார். சாவு நடந்த நாளில் இருந்து ஒரு போன்கூடச் செய்யாதவர். அதற்குமுன் தினம் நாலு தடவை கூப்பிடுவார்.

"அவசரமே இல்ல சின்னவரே" என்றார்.

"நீங்க இப்படிச் சொன்னா பயமா இருக்கு."

"எனக்கும்தான். பேசாம ஒரு தடவை திட்டிடுங்க, பழையபடி ஆயிடுவேன்."

சின்னவர் சிரித்தார். சிரிப்பு வந்தது அவருக்கே வேடிக்கையாக இருந்தது. பசித்தால் சாப்பிட்டார், படுத்தால் தூங்கினார், சொன்னால் சிரித்தார். யாரோ சாவி கொடுத்து விட்டதுபோல எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

கியர்பாக்ஸின் வாய்க்குள், என்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருந்தது. இரண்டு கிண்ணத்தை வாயோடு வாய் வைத்துப் பற்றவைத்த மாதிரி இருக்கும், எண்ணெய் ஊற்றிய பிறகு கனம் கையை இழுக்கும். அதன் நெற்றியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி. அண்ணனின் புள்ளி.

அந்தப் புள்ளிக்கு ஒரு கதை உண்டு. பட்டறை தொடங்கிய வருடம், அண்ணன் முறுக்கி முடித்த போல்ட்டுகளைத் தம்பி தெரியாமல் மறுபடி முறுக்க, இரண்டு போல்ட் கழுத்தொடிந்தது. "என் வேலைல உனக்கு என்னடா சந்தேகம்?" என்று ஆரம்பித்த சண்டை அம்மா வந்து தீர்க்கும்வரை ஓடியது. அன்றைக்குச் செய்துகொண்ட ஏற்பாடு இது. முடித்த வேலையில் வெள்ளைப் புள்ளி. புள்ளி வைத்துவிட்டால் மற்றவன் அதில் கை வைக்கக் கூடாது, இழுத்துப் பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. இருபத்து மூன்று வருடத்தில் ஒருமுறைகூட மீறியதில்லை. மற்ற பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒருத்தன் செய்ததை இன்னொருத்தன் பார்ப்பதுதானே நல்லது என்பார்கள். "அது வெளியாளுங்களுக்கு" என்பார் பெரியவர்.

கன்வெர்ட்டர் முன்னால் நழுவிவிடாமல் இருக்க அண்ணன் குறுக்கே கட்டியிருந்த கம்பியைக் கொறட்டால் வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார் சின்னவர். செயினை ஒவ்வொரு கண்ணியாக விட்டு என்ஜினை இறக்கினார். பிறகு பின்னோக்கி நகர்த்தினார். இரண்டு பக்கமும் வழிகாட்டி முளைகள் துளையைக் கண்டுபிடித்தன. இனி உள்ளங்கையால் தள்ளினாலே போதும், இரண்டு முகமும் டப்பென்று ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒட்டவில்லை. ஒரு விரல் நுழையும் இடைவெளியில் நின்றுவிட்டது.

சின்னவர் ஜாக்கை ஒரு மயிரிழை ஏற்றினார். இறக்கினார். முளைகளுக்கு எண்ணெய் விட்டார். ஏதாவது வயர் நடுவில் மாட்டியிருக்கிறதா என்று விளக்குப் பிடித்துச் சுற்றிவரப் பார்த்தார். மேலே ஏறிப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். இடைவெளி அப்படியே இருந்தது. பார்க்காதது ஒன்றே ஒன்றுதான். அதில் புள்ளி இருந்தது.

"உக்காரலியா?" என்றார் ஏர்போர்ட்டு.

"உக்காரும்."

இரண்டு நீள போல்ட்டை எடுத்தார். பக்கத்துக்கு ஒன்றாகக் கையால் மாட்டினார். பிறகு ஸ்பானரை எடுத்தார். இப்படிச் செய்யக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். போல்ட்டை வைத்து இழுத்தால் எதுவும் ஒட்டும். ஆனால் உள்ளே கன்வெர்ட்டர் சரியாக இறங்கியிருக்காவிட்டால் அதன் கழுத்து ஆயில் பம்பை நசுக்கிவிடும். வண்டி வெளியே போய் முதல் மேட்டில் நிற்கும். எல்லாம் தெரிந்துதான் இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று முறுக்கினார். இரும்பு மெதுவாக முனகியது.

அந்த நேரத்தில் அண்ணி வந்தாள். பெரியவரின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, ஆணியில் இருக்கும் சட்டை, இதையெல்லாம் எடுத்துப்போக ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள். ஏர்போர்ட்டு எழுந்து நின்றார். எதுவும் சொல்ல வராமல், "கியர் ஆயில் குறையுதுன்னாரு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று, யாரும் சொல்லாத ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டு வெளியே போனார்.

அண்ணி சட்டையை எடுக்கப் போகவில்லை. வண்டி அருகில் வந்து நின்றாள்.

"என்ன தம்பி இப்படிக் கத்துது?"

"இறுக்கறேன் அண்ணி."

"அது அவரு பாத்த கியர்பாக்ஸ்தானே?"

"ஆமா."

"மூணு சத்தம் கேட்டுச்சா?"

சின்னவரின் கை நின்றது. அண்ணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், ஸ்பானர் பிடித்ததில்லை. ஆனால் இருபத்தாறு வருடம் பெரியவரோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவள். பெரியவர் பேச்சென்றால் கியர்பாக்ஸ் பேச்சுதான். கன்வெர்ட்டரை வைக்கும்போது லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ள வேண்டும், மூன்று தடவை உள்ளே விழும், மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். ஒரு பல், இன்னொரு பல், கடைசியாகப் பம்ப். "மூணாவது சத்தம் கேக்காம எவன் எழுந்திரிச்சாலும் அவன் மெக்கானிக் இல்ல, சமையல்காரன்."

"அண்ணன் கேட்டிருப்பாரு. புள்ளி இருக்கு" என்றார் சின்னவர்.

"நீ கேட்டியா?"

"நான் பாக்கக் கூடாது அண்ணி. அதான எங்க ஏற்பாடு."

"யாருடா கோவிச்சுக்கப் போறா?" என்றாள் அண்ணி. குரலில் ஒன்றும் இல்லை. மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

சின்னவர் ஸ்பானரைப் பிடித்தபடி நின்றார். இன்னும் நாலு சுற்று இழுத்தால் இடைவெளி மூடிவிடும். அண்ணி சட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள், ஒரு நொடியில் போன மனிதரின் சட்டை. வண்டி வழியில் நின்றால் நிற்கட்டும், பழைய கியர்பாக்ஸ், போய்விட்டது என்று சொல்லிவிடலாம். பிரித்தால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

அன்றைக்கு அவர் எதிர்ப்பக்கம் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். ரேடியோவில் பன்னிரண்டு மணிச் செய்தி தொடங்கியிருந்தது. "டேய், கொஞ்சம் வந்து பிடியேன்" என்று அண்ணன் கூப்பிட்டார். கன்வெர்ட்டர் வைக்க அதற்குமுன் அண்ணன் யாரையும் கூப்பிட்டதில்லை. அடியில் இருந்தபடியே சின்னவர் சொன்னார்: "வயசாயிடுச்சா பெரியவரே? தொப்பையைக் கொடுத்துத் தள்ளுங்க." அண்ணன் சிரித்தார். கொஞ்ச நேரம் இரும்பு உரசும் சத்தம். பிறகு பெயிண்ட் டப்பாவின் மூடி கீழே விழுந்து உருண்டது. அவ்வளவுதான். சரிந்தது மூன்றரை மணிக்கு.

சின்னவர் ஸ்பானரை எதிர்ப்பக்கம் திருப்பினார். இரண்டு போல்ட்டையும் கழற்றித் தட்டில் போட்டார். செயினை இழுத்து என்ஜினை முன்னால் நகர்த்தினார். முளைகள் விட்டன. இரும்புப் பட்டையைக் கியர்பாக்ஸின் வாய்க்குக் குறுக்கே வைத்து, ஸ்கேலை உள்ளே விட்டு அளந்தார். இருபது மில்லி உள்ளே போயிருக்க வேண்டியது. ஒன்பதுதான் போயிருந்தது.

"எறங்கல" என்றார்.

அண்ணி குனிந்து கியர்பாக்ஸின் வாயைப் பார்த்தாள்.

அவர் குப்பைத் தொட்டிக்குப் போய், காலையில் வெட்டிய கம்பியை எடுத்துவந்தார். அண்ணன் கம்பி கட்டினால் கொறட்டால் முறுக்கி, நுனியை மடக்கி, விரலில் குத்தாமல் விடுவார். இது முறுக்கவே இல்லை. பொட்டலத்துக்கு நூல் சுற்றுவதுபோலச் சுற்றிச் சுற்றி விட்டிருந்தது. ஒரு கையால் சுற்றிய சுற்று. காலையில் அதைக் கையில் பிடித்துத்தான் வெட்டினார். கண் திறந்துதான் இருந்தது. புள்ளியும் எப்போதும்போலப் பருப்பளவில் இல்லாமல் கீழே வழிந்து காய்ந்திருந்தது. பெயிண்ட் நீர்த்துவிட்டது என்று நினைத்திருந்தார்.

"அண்ணி" என்றார். "நொடியில போகல."

அண்ணி அவரைப் பார்த்தாள்.

"எடது கை அப்பவே போயிருக்கு. தள்ள முடியல. என்னைக் கூப்பிட்டாரு. நான் போகல."

"எப்ப?"

"பன்னெண்டு மணிச் செய்தி ஓடிட்டிருந்துச்சு."

"கூப்பிட்டாரா?"

"வந்து பிடின்னாரு. நான் கிண்டல் பண்ணினேன். வயசாயிடுச்சான்னு கேட்டேன். எழுந்து போயிருந்தா கையப் பாத்திருப்பேன். டாக்டர் கேட்டப்பவும் இப்பதான்னு சொல்லிட்டேன். அப்ப எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. அப்புறம் ராத்திரி ஞாபகம் வந்துச்சு. வந்தும் போய்ச் சொல்லல."

அண்ணி கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்தாள். துணிப்பையை மடியில் வைத்து அதன் காதுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைக் கூட்டுகிறவள்போல உதடு மட்டும் அசைந்தது.

"பன்னெண்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணரை" என்றாள். "மூணரை மணி நேரம்."

"ஆமா."

"அன்னைக்குச் சாப்பாட்டு கேரியர் திறக்காமலே வீட்டுக்கு வந்துச்சு. ஆஸ்பத்திரிலருந்து வந்து கழுவப் போனப்பதான் பாத்தேன். மூடியைத் திருகித்தான் திறக்கணும் அது, ரெண்டு கை வேணும்." பையின் காதை விரலில் சுற்றினாள். "வேலை மும்முரம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவரு என்னைக்குடா வேலைக்காகச் சாப்பாட்டை விட்டாரு?"

சின்னவர் கம்பியைத் தட்டில் போட்டார். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தார். மன்னிப்பாள் என்றும் ஒரு ஓரத்தில் நினைத்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. பூனை மூட்டையில் இருந்து இறங்கி வெளியே போனது.

"அப்புறம் ஏன் புள்ளி வெச்சாரு?" என்று கேட்டாள்.

"தெரியல அண்ணி. இறங்கிடுச்சுன்னு நெனைச்சிருப்பாரு. இல்ல, நெனைக்கவே முடியாம வெச்சிருப்பாரு."

"உன்னை ரெண்டாவது தடவை கூப்பிட வேணாம்னு வெச்சிருப்பாரு" என்றாள் அண்ணி. குத்திக்காட்டுவதாக இல்லை அது. தெரிந்த மனிதரைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னாள். அதனால்தான் அது சின்னவருக்குள் எங்கேயோ போய் நின்றது. வலித்ததா என்று பார்த்தார். இன்னும் தெரியவில்லை.

பிறகு அவள், "அதை எடுத்து மறுபடி வை" என்றாள்.

அவர் இரண்டு கையாலும் கன்வெர்ட்டரை அணைத்து வெளியே எடுத்தார். அதன் கழுத்தில் இருக்கும் இரண்டு வெட்டுகளின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார். பிசிறில்லை. பம்புக்குள் விளக்கடித்துப் பார்த்தார். விரிசலில்லை. போல்ட்டை இழுத்தது அரைச் சுற்று அரைச் சுற்றாகத்தான் என்பதால் தப்பித்திருந்தது. வழிந்த எண்ணெய்க்குப் பதில் புது எண்ணெய் ஊற்றினார். மறுபடி தூக்கி, தண்டின்மேல் ஏற்றி, திருப்பித் திருப்பித் தள்ளினார். ஒன்று விழுந்தது. கொஞ்சம் திருப்பியதும் இரண்டாவது. மூன்றாவது வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. முழங்கை நடுங்கியது. சரியான இரண்டு கைகளுக்கே நடுங்கியது. ஒரு கையோடு அண்ணன் எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று கணக்குப் போடாமல் இருக்க முயன்றார்.

பிறகு மொத்த கனமும் ஒரு விரல் அகலம் உள்ளே போய் விழுந்தது. அந்தச் சத்தம் பெட்டியில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கும் கேட்டது. அவள் தலையை ஆட்டினாள். சின்னவர் அளந்தார். இருபது. என்ஜினைப் பின்னால் தள்ளினார். உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது.

கியர்பாக்ஸ் போல்ட்டுகளை முறுக்கி முடித்தபின் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு இரண்டு பேர் வேண்டும். என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டையும் கன்வெர்ட்டரையும் ஆறு போல்ட் போட்டுச் சேர்க்க வேண்டும். கியர்பாக்ஸ் கூட்டின் அடியில் உள்ள சின்ன ஜன்னல் வழியாக ஒரு சமயத்தில் ஒரு துளைதான் தெரியும். முன்னால் ஒருத்தர் நீளக் கைப்பிடியால் என்ஜினைச் சுற்றித் தர, அடியில் படுத்திருப்பவர் ஒவ்வொன்றாக மாட்டுவார். ஏர்போர்ட்டு இன்னும் ஆயில் வாங்கிக்கொண்டே இருந்தார்.

"எப்படிச் சுத்தணும்?" என்றாள் அண்ணி.

அவர் காட்டிக்கொடுத்தார். அவள் துணிப்பையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். அவர் அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தார். முகத்துக்கு நேரே ஜன்னல். வண்டிக்கு முன்னால் அவளுடைய கால் மட்டும் தெரிந்தது.

"மெதுவா... இன்னும். போதும்."

முதல் போல்ட் ஏறியது.

"பொண்ணு ஞாயித்துக்கிழமை வரா" என்றாள் அண்ணி மேலிருந்து. "நான் அவகிட்ட வேற சொல்லி வெச்சிருக்கேன். நீயே சொல்லிடு."

"சரி அண்ணி."

"என்னை வெச்சுக்கிட்டே சொல்லு."

"சரி. சுத்துங்க. இன்னும். போதும்."

இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது துளை ஜன்னலுக்குள் எட்டிப்பார்த்தது. பிறகு கைப்பிடி நடுவில் நின்றது.

"கூப்பிட்டப்ப குரல் எப்படி இருந்துச்சு?"

எப்போதும்போலத்தான் என்று சொல்ல வாய் வந்தது. சின்னவர் ஜன்னலுக்குள் பாதி தெரிந்த துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தளர்ந்து இருந்துச்சு அண்ணி" என்றார். "என் பேரைச் சரியாச் சொல்ல வரல. அதான் டேய்னு கூப்பிட்டாருன்னு நெனைக்கிறேன்."

அண்ணியின் கால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவர் காத்திருந்தார். பிறகு கைப்பிடி அசைந்தது. துளை முழுதாக வந்து நின்றது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."